கேட்பாரற்ற நாற்காலிகள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, கண்டுகொள்ளாதே. போனில் என் நம்பரை நீ முடக்கி வைத்திருப்பதால் தபால்காரரை நடக்கவிடுகிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சண்டையில் வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்கள் உங்கள் ஊர்க் கல்குவாரியில் கூடாரம் போட்டுக் கிடப்பது உனக்குத் தெரியும். மழை பிடிப்பதற்குள் அவர்களைச் சும்மா கிடக்கும் அரசாங்கக் கட்டடங்களில் குடிவைக்கும்படி மேலிடத்து உத்தரவு. எந்தக் கட்டடம் சும்மா கிடக்கிறது என்று சொல்ல வேண்டியது என் வேலை. வாலிபம் முழுக்கக் காலிக் கட்டடங்களுக்குக் காவல் இருந்தே கழித்தவள் நான். என்னைப் பார்த்தாலே எங்கள் பியூனுக்குக் கொட்டாவி வரும். முதல் கட்டடமாக, உன் கடைக்கு எதிரே இருக்கும் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைச் சொல்லிவிட்டேன்.

நேற்று திறந்து பார்த்தோம். ஸ்விட்ச் ரூமில் தரையிலிருந்து கூரை வரை மடக்கு நாற்காலி. பாட்டரி ரூமில் அண்டா, குண்டா, சுருட்டி வைத்த திரைச்சீலை. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் வரவேற்புக்கு உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம், ஜோடியாக. கூட வந்த சின்ன இன்ஜினியர் அசந்துபோனார். "மேடம், டெலிபோன் டிபார்ட்மென்ட்ல இவ்ளோ கல்யாணம் நடந்துச்சா?"

"லைன் கிடைக்கிற வரைக்கும் சும்மா இருப்பாங்களா?" என்றேன்.

உங்கள் ஊரில் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நீ. இன்னொருவன் பேச்சை இழுத்துக்கொண்டே போவதால் ரப்பர் என்று பெயர் வாங்கியவன். ரப்பரிடம் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். இவை இரும்பு.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? காலிக் கட்டடத்துக்குள் சாமான் இருந்தால் கேட்டில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். சொந்தக்காரர் நேரில் வந்து, பூட்டிய அரசாங்கக் கட்டடத்துக்குள் தன் சாமான் எப்படி நடந்து போனது என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சொன்ன கையோடு போலீஸ் ஸ்டேஷன் வரை போய்வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான். யாரும் வரவில்லை என்றால் குடிவருகிறவர்களுக்கே சாமான். நோட்டீஸை நானே பசை தடவி ஒட்டினேன்.

உன் அத்தான் இறந்த அன்று, அவரை இன்னும் எடுக்கவில்லை, உன் வேன் வந்து நின்றது. "எல்லாரும் கொஞ்சம் எழுந்திருச்சீங்கன்னா நல்லாருக்கும். சாயங்காலம் ரிசப்ஷன் ஒண்ணு இருக்கு" என்றான் உன் டிரைவர். துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்து, சுவரோரமாக நின்றார்கள். கடைசியில் என்னையும் எழுப்பினான். நான் உட்கார்ந்திருந்ததும் உன் நாற்காலிதானே.

இரண்டு வருஷமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன்.

உன் அக்கா


ஜூன் 9

மதிப்புக்குரிய அதிகாரி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பொதுமக்களில் ஒருவன் என்ற முறையில் என் ஆட்சேபணைகளைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி எக்ஸ்சேஞ்ச் கட்டடம் எங்கள் ஊரின் பெருமை. அதன் தூண்களின் அழகைக் காண வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மேலும், குறுகலான தெரு, குடிதண்ணீர்ப் பற்றாக்குறை, பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு முதலானவற்றைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கருத்தில் கொள்ள மாட்டாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அந்தச் சாவியை என் கையில் கொடுத்தது யார்? எக்ஸ்சேஞ்சை மூடின வருஷம் நீதானே வந்து சொன்னாய், "சும்மா பூட்டிக் கெடந்தா குடிகாரனுங்கதான் வருவானுங்க. நீ உன் சாமானைப் போட்டுக்கோடா, கட்டடத்தையும் பாத்துக்கோ" என்று? பார்த்துக்கொண்டேன். வருஷா வருஷம் கூரைக்குத் தார் போட்டது நான். ஒழுகின குழாயை மாற்றியது நான். எலி கடித்த வயரை எல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தது நான். நாற்காலிக்குத் துரு பிடிக்கக் கூடாதே என்றுதான் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் டிபார்ட்மென்ட் ஓர் ஆணியாவது அடித்திருக்குமா?

சாவு வீட்டு விஷயம். நீ நினைப்பது மாதிரி இல்லை. மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். உன் சின்ன மாமனார் வரட்டும் வரட்டும் என்று நீதான் நேரத்தைக் கடத்தினாய். அந்த ரிசப்ஷன் முன்கூட்டியே புக் ஆனது. ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டில் ஓர் ஆள் போய்விட்டார், நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடுங்கள் என்று சொல்ல முடியுமா? தொழில் தெரியாதவர்களிடம் இதை விளக்குவது கஷ்டம்.

ஆனி முழுக்க முகூர்த்தம். என் கையில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துக்கொள்கிறேன், கேட்டை மட்டும் திறந்து வை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
தம்பி


ஜூன் 21

தொழில் தெரிந்த தம்பிக்கு,

கேட்டைத் திறந்துதான் வைத்தேன். பட்டப்பகலில், குடிவருகிறவர்களுக்காக.

உன் சாமானைப் பார்த்து அவர்கள் வாயடைத்துப் போனார்கள். கல்குவாரியில் கல்லின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போனவர்கள். உன் ரோஸ் கலர் ஜிகினாத் திரையைக் குறுக்கே கட்டி ஸ்விட்ச் ரூமை அறை அறையாகத் தடுத்துவிட்டோம். எந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போனாலும் கல்யாண மேடைக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது. பெரிய அண்டாவில் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். நாற்காலிகளை வரிசையாகக் கட்டிக் கட்டில் செய்துகொண்டார்கள். உன் நாற்காலியில் படுத்து எழுந்தால் முதுகில் கோடு விழுகிறது என்று ஒரு கிழவர் குறைப்பட்டார். தயாரித்தவரிடம் சொல்கிறேன் என்றேன்.

சிம்மாசனத்தில் ஒன்றை ஒரு பார்பர் எடுத்துக்கொண்டார். படிக்கட்டுக்குக் கீழே கண்ணாடி மாட்டிக் கடை போட்டிருக்கிறார். கத்தியைத் தவிர எதையும் கொண்டுவர முடியவில்லையாம். அவர் மகளுக்கு நிறைமாசம். புருஷன் எங்கே என்று தெரியாது. குவாரியில் தண்ணீரில் படுத்துக் கிடந்த பெண்ணுக்குப் பாட்டரி ரூமை ஒதுக்கிக் கொடுத்தேன். அங்கேதான் காற்று நன்றாக வருகிறது.

சாவியை நான் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். தாராளமாகப் போய்ச் சொல். என் வேலை போகும். சொல்லி முடித்ததும் உன் சாமானும் உன் லைசென்ஸும் சேர்ந்தே போகும். உனக்கு என் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் உன் நாற்காலி மேல் அதைவிட ஆசை அதிகம். அந்தத் தைரியத்தில்தான் ராத்திரி தூங்குகிறேன்.

உன் எதிர்ப்புக் கூட்டத்தைப் பற்றியும் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று யோசித்து மூளையைக் கசக்காதே. உன் பொண்டாட்டி தினமும் மத்தியானம் எனக்குப் போன் செய்கிறாள். உன் குறட்டை முதல் உன் வட்டி வரை எல்லாம் எனக்கு வந்துவிடும். 'நம் தெருவைக் காப்போம்' என்று பேனர் கட்டி ஊரைக் கூட்டினாயாமே. கூட்டம் வந்ததாம், உட்கார நாற்காலி இல்லையாம். ஊருக்கே நாற்காலி போட்டவன் கூட்டத்தில் எல்லோரும் நின்றார்களாம். கடைசியில் ரப்பரிடமே போய் வாடகைக்குக் கேட்டாயாம். அவன் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்ததும் நாலு காலும் நாலு திசைக்குப் போனதாம். உன் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் பாவமாக இருந்தது, தலைவருக்காக.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

இனிமேல் மதிப்புக்குரிய, கீழ்ப்படிதலுள்ள எல்லாம் கிடையாது.

முதலில் ஒரு நல்ல செய்தி, எனக்கு. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டேன். நீ சட்டம் படித்தால் எனக்கும் வக்கீல் கிடைப்பார். ஐந்து வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் ஆட்களைக் குடிவைக்கக் கூடாது. கூரை, வயரிங், கழிவுநீர் எல்லாவற்றையும் பிரித்துச் சோதித்த பிறகுதான் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். சோதித்து முடிக்க மழைக்காலமே முடிந்துவிடுமாம். அதுவரை எல்லோரும் வெளியே. கட்டட இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆட்கள் வெளியே போனதும் கட்டடம் மறுபடி காலி. காலிக் கட்டடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மனுவைக் கொடுத்துவிட்டு, என் சாமான் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். யாரும் சந்தேகப்படக் கூடாதே, முடி வெட்டிக்கொள்ள வந்ததாகச் சொன்னேன். அந்தப் பார்பர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். என் தலையில் வெட்ட என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். மரியாதை தெரிந்த மனுஷன், ஒன்றும் கேட்காமல் துண்டைப் போர்த்தினார்.

என் சிம்மாசனத்தில் நானே உட்கார்ந்தேன். எத்தனை மாப்பிள்ளைகளை உட்கார வைத்திருப்பேன், என் கல்யாணத்துக்கு நான் உட்கார்ந்தது பாயில்.

"இது யாரு நாற்காலின்னு தெரியல. ஆனா நல்ல கை இதைப் பாத்துக்கிட்டிருந்திருக்கு" என்றார் அவர்.

"எப்படிச் சொல்றீங்க?"

"திருகாணியெல்லாம் எண்ணெய் போட்டு வெச்சிருக்கு. வெல்வெட்டுல ஒரு தையல் பிரியல. இந்தக் கட்டடமும் அப்படித்தான். பேஞ்ச மழைக்கு ஒரு சொட்டு இறங்கல. எவனோ புண்ணியவான்."

கழுத்தில் கத்தி இருக்கும்போது நான் என்ன சொல்ல முடியும்?

"உங்க மகளுக்கு எப்போ?" என்றேன்.

"இந்த மாசக் கடைசின்னு சொல்றாங்க. நல்லவேளை, குவாரியில பொறக்க வேண்டியது இங்க பொறக்கப் போகுது. இனி எந்திரிச்சு எங்கயும் போக வேண்டியதில்ல பாருங்க."

காசு கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார். முதல் தடவை இலவசமாம்.

மனுவை வாபஸ் வாங்குவேன் என்று கனவு காணாதே. முடி வெட்டியது வேறு, மனு வேறு.

தம்பி


ஜூலை 11

தம்பி,

இன்ஸ்பெக்டர் வந்தார். நீ நினைத்தது நடந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி விசாரணை, அதற்கு மறுநாள் எல்லோரும் வெளியேற வேண்டும்.

குவாரியைப் போய்ப் பார்த்தேன். கூடாரம் இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். வேறு கட்டடம் கேட்டு ஏழு ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒருவர் கோப்பு வரட்டும் என்கிறார், இன்னொருவர் தேர்தல் வரட்டும் என்கிறார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. இடைப்பட்ட வருஷங்களில் கட்டடத்தை யாராவது விடாமல் பராமரித்திருந்தால் சோதனை தேவையில்லை. ஆனால் பராமரித்தவர் விசாரணைக்கு நேரில் வந்து, என்னென்ன செய்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். எப்படி உள்ளே போனார் என்பதையும் சேர்த்து.

தார் போட்டவன் யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

உன்னைக் கேட்கிறேன். இதற்கு மேல் நீட்டி எழுதக் கை வரவில்லை.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு பொண்டாட்டியைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். 'உன்னைக் கேட்கிறேன்' என்ற இடம் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ என்னை எதுவும் கேட்டதில்லை. சொல்வாய், திட்டுவாய், பிடுங்குவாய். கேட்டதில்லை.

அதனால் இந்தச் சந்தர்ப்பத்தைச் சீக்கிரம் முடித்துவிட மனசு வரவில்லை.

வா. என் கடைக்கு வா. சாயங்கால நேரமாகப் பார்த்து வா, அப்போதுதான் நாலு பேர் இருப்பார்கள். ரப்பரையும் வரச்சொல்கிறேன். அத்தனை பேருக்கும் முன்னால் வாசலில் நின்று, "அன்னிக்கு என் தம்பி செஞ்சதுல தப்பில்ல" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லு. விசாரணைக்கு நான் வருகிறேன். லைசென்ஸ் போனாலும் பரவாயில்லை.

உட்கார நாற்காலி போட முடியாது. காரணம் உனக்கே தெரியும்.

தம்பி


ஜூலை 26

அக்கா,

நீ வந்ததை நம்பவே முடியவில்லை. மூன்று மணி நேர பஸ்ஸில், அந்த மழையில். ரப்பர் முன்வரிசையில் தன் பிளாஸ்டிக் நாற்காலியையே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தான். நீ வாசலில் நின்றாய். புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாய். ஊரே காதைத் தீட்டிக்கொண்டது.

"உன் கடை போர்டுல ஒரு பல்பு எரியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாயே, நீ மனுஷியா?

"என்னப்பா, இதுக்கா என்னைக் கூப்ட்ட?" என்று ரப்பர் அரைமணி நேரம் இழுத்தான்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க உன்னைத் திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு ஒன்று புரிந்தது. நீ அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் கணக்குத் தீர்ந்துபோயிருக்கும். பஸ் ஏறும்போதே நீ நிம்மதியாகிவிடுவாய். உன்னை நிம்மதியாக விட நான் என்ன பைத்தியமா?

நேற்று விசாரணைக்குப் போனேன். நீ சம்பந்தப்பட்ட அதிகாரி என்பதால் உன்னை உள்ளே விடவில்லை என்று சொன்னார்கள், அதனால் நடந்ததை நானே சொல்கிறேன். எழுந்து நின்று, அந்தச் சாமானெல்லாம் என்னுடையது என்றேன். தார் போட்டது, குழாய் மாற்றியது, வயர் இழுத்தது எல்லாம் சொன்னேன். வேலை செய்த கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிப்போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. பூட்டின கட்டடத்துக்குள்ள எப்படிப் போனீங்க? சாவி யார் குடுத்தா?"

பார்பர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அங்கே இருந்த எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். உன் வேலை, உன் பென்ஷன், இத்தனை வருஷம் நீ சேர்த்து வைத்த நல்ல பெயர் எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. அப்படி ஒரு ருசியை நான் பார்த்ததில்லை.

"யாரும் குடுக்கல சார். பூட்ட ஒடச்சேன்" என்றேன்.

குடும்பங்கள் எல்லாம் அங்கேயே இருக்கலாம் என்று உத்தரவாகிவிட்டது. எனக்கு லைசென்ஸ் ரத்து, அபராதம், அதற்கு மேல் பூட்டு உடைத்த வழக்கு. போகட்டும். உன்னைக் காப்பாற்றியது நான். இனி நீ சம்பளம் வாங்கும் ஒவ்வொரு முறையும் என் ஞாபகம் வரும். ஓய்வுபெற்று மாலை போட்டுக்கொள்ளும்போது வரும். பென்ஷன் பணத்தில் காபி குடித்தாலும் வரும். ஆயுசுக்கும் நீ என் தயவில் இருக்கிறாய் அக்கா. உன் வார்த்தை எனக்கு வேண்டாம். இது போதும்.

உன் அருமைத் தம்பி


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் என் மூக்குகூட நீ கொடுத்தது போலத் தோன்றியது. உனக்குக் கெட்ட புத்தி இருக்கிறது என்று தெரியும், இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று தெரியாது. என் தம்பி என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் புடவையை மாற்றிக்கொண்டு நேராக எங்கள் டிபார்ட்மென்ட் கமிஷனர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த எக்ஸ்சேஞ்ச் சாவியை என் தம்பிக்குக் குடுத்தது நான்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும்மா உங்களைக் கேட்டது?"

"யாரும் கேக்கல."

"கேஸ் முடிஞ்சுபோச்சு. அவரே பூட்டை உடைச்சேன்னு சொல்லிட்டாரு."

"அவன் உடைக்க மாட்டான் சார். ஜாம் பாட்டிலையே என்கிட்டதான் கொண்டுவந்து திறப்பான்."

"உங்க சர்வீஸ் என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். எழுதிக்கோங்க."

அவருக்கு அழுகை வந்த மாதிரி இருந்தது. நல்ல மனுஷர், அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறார், எந்தத் தலைவலியும் இல்லாமல் போய்விடலாம் என்றிருந்தார். அன்று சாயங்காலமே என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். பியூன் என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கொட்டாவி விடவில்லை.

ஆக, உன் தயவை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு நீ கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள இனி உன்னிடம் ஒன்றும் இல்லை. இன்னொன்று. நீ பூட்டை உடைக்கவில்லை என்று ஆகிவிட்டதால், அரசாங்க விசாரணையில் பொய் சொன்னதற்காக உன் மேல் தனியாக ஒரு நோட்டீஸ் வரும். கமிஷனர் அதை மறந்துவிடப் பார்த்தார், நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

குடிவைத்த உத்தரவில் மாற்றமில்லை. அதை மட்டும் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மறுநாள் உங்கள் ஊருக்கு பஸ் பிடித்து எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். பார்பரின் மகளுக்குப் பெண் குழந்தை. பாட்டரி ரூமில் பிறந்து, அங்கேயே தூங்குகிறது. என்னைப் பார்த்ததும் பார்பர் எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

அன்றைக்கு நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

நோட்டீஸ் வந்தது.

உருப்படியாக ஒருவனை ஒரு உபகாரம் செய்யக்கூட விட மாட்டாய். நான் ஆயுசில் செய்த ஒரே நல்ல காரியம், அதுவும் கெட்ட எண்ணத்தோடு செய்தது, அதையும் பிடுங்கிக்கொண்டாய். பொண்டாட்டி உன் பக்கம். பார்பர்கூட, "உங்க அக்கா நல்லவங்க" என்கிறார். அவரிடம் இனி முடி வெட்டிக்கொள்வதாக இல்லை. வெட்டவும் ஒன்றும் இல்லை.

கடையை மூடிவிட்டேன். ரப்பர் எனக்கு வேலை போட்டுக் கொடுக்கிறேன் என்று வந்து இழுத்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று வக்கீலைப் பார்த்தேன். கேஸ் கட்டு முழுவதையும் புரட்டிவிட்டு, "உங்களுக்கு எதிரிங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு அக்கா."

"கமிஷனர்கிட்ட சொன்ன சாவி விஷயத்தை அவங்க கோர்ட்டுலயும் வந்து சொன்னாத்தான் பூட்டு ஒடச்ச கேஸ் நிக்காது. ஆனா அவங்களுக்கு அது இன்னும் பாதகம். நீங்க கூப்பிட்டா வருவாங்களா?"

"நான் கூப்பிட்டா வர மாட்டா சார். நான் சொல்றது பொய்னு நிரூபிக்கணும்னா, நடந்தே வந்துருவா" என்றேன்.

விசாரணை முப்பதாம் தேதி, காலை பத்து மணி.

தம்பி